நாற்பது பவுண்டுக்குக் கீழே ஆரம்பியுங்கள்

முனைகளில் சக்கரம் மாட்டிய காம்பவுண்ட் வில்லில் நன்றாகக் கை பழகியவர்கள், சக்கரமில்லாத மரபு வில் பக்கம் வர நினைக்கும்போது கேட்கும் கேள்வி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, காம்பவுண்ட்ல 60 இழுக்கிறேன், ரிகர்வ்ல 50 எடுத்தா சரியா இருக்குமா?" ரிகர்வ் என்பது முனைகள் முன்னோக்கி வளைந்த மரபு வில், எண்கள் நாணை இழுக்கத் தேவைப்படும் எடை, பவுண்டில். 35 போதும், 30 கிடைத்தால் இன்னும் நல்லது என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். தன் பலத்தைக் குறைத்துப் பேசிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பலத்துக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு அவ்வளவாக இல்லை. அதனால் இந்தக் கணக்கை ஒரு முறை விரிவாக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

காம்பவுண்ட் வில்லில் 60 பவுண்டு என்பது நீங்கள் கடந்து போகும் எண். இழுக்க ஆரம்பித்ததும் எடை ஏறுகிறது, உச்சத்தில் கொஞ்ச தூரம் நிற்கிறது, முனையிலுள்ள கேம் என்ற சக்கரம் உருண்டதும் சட்டென்று இறங்கிவிடுகிறது. இப்படி இறங்கும் அளவுக்கு லெட்-ஆஃப் என்று பெயர், அது 80 சதவீதம் என்றால் முழு இழுப்பில் உங்கள் கையில் மிச்சமிருப்பது 12 பவுண்டுதான். அந்த 12 பவுண்டைப் பிடித்துக்கொண்டுதான் நாணில் பொருத்திய பீப் என்ற சிறு துளை வழியாகப் பார்க்கிறீர்கள், மட்டக் குமிழியைச் சரிசெய்கிறீர்கள், மூச்சைச் சீராக்கி நிதானமாக, நாணை விடுவிக்கும் ரிலீஸ் கருவியை அழுத்துகிறீர்கள். ஹாலெஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்ற அந்த வடிவத்தின் பெரிய லாபமே இதுதான்: வில்லில் சக்தி நிறைய, பிடித்திருக்கும் கையில் பாரம் குறைவு.

மரபு வில்லில் அந்தச் சலுகை கிடையாது. நாண் பின்னால் வர வர எடை ஏறிக்கொண்டேதான் போகும், கடைசி அங்குலம்தான் எல்லாவற்றிலும் கனமானது. குறி பார்ப்பது, தோளைச் சரியாக வைப்பது, விரலைத் தளர்த்துவது எல்லாமே அந்தக் கனத்துக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். மூட்டையைத் தூக்கி ஒரு படி ஏற்றி வைப்பதும், அதே மூட்டையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்று ஊசியில் நூல் கோப்பதும் ஒன்றாகுமா? 60 பவுண்டு காம்பவுண்டில் 12 பவுண்டைப் பிடித்துப் பழகிய முதுகுத் தசைக்கு 35 பவுண்டு ரிகர்வ் என்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 50 எடுத்தால் நான்கு மடங்குக்கும் மேல். இதைத்தான் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதில் ஒரு வம்பும் இருக்கிறது. 45 பவுண்டு ரிகர்வை ஒரு முறை கையில் வாங்கி இழுத்துப் பார்த்தால் லேசாகத்தான் இருக்கும், ஏனென்றால் 60-ன் உச்சத்தைத் தாண்டிப் பழகிய கை அது. வாங்கிவிடத் தோன்றும். தெரியவேண்டியது முதல் இழுப்பில் தெரியாது. அரை மணி நேரம் தொடர்ந்து எய்த பிறகு பக்கத்தில் நின்று பாருங்கள்: நாண் வாய் ஓரத்துக்கு வருவதற்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிடும். வில் பிடித்த தோள் காதை நோக்கி மெல்ல ஏறும். தலை நாணைத் தேடி முன்னால் குனியும். இழுத்த முழங்கை பின்னால் சுற்றி வராமல் வெளிப்பக்கமாகத் தொங்கும். அம்பு முழு இழுப்பைத் தொட்டதும் தொடாததுமாகப் பறந்துவிடும், எய்தவரே இன்னும் தயாராகியிருக்க மாட்டார். இப்படி ஒரு மாதம் போனால் உடம்பு அதையே மனப்பாடம் செய்துகொள்ளும். குறி இலக்கின் மேல் வந்ததுமே விரல் தானாக அவிழ்ந்துவிடும் அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றி எடுப்பது எவ்வளவு பாடு என்று, அதில் மாட்டியவர்களோடு நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரியும். கனமான வில் தசையை வளர்க்கும் என்பது உண்மையே, ஆனால் அதைவிட வேகமாகக் கெட்ட பழக்கத்தை வளர்த்துவிடும்.

எப்படிச் சோதிப்பது? யாரிடமாவது ஒரு வில்லை இரவல் வாங்குங்கள். நாற்பது ஐம்பது அம்பு எய்த பிறகு, களைத்த கையோடு, அம்பைப் பூட்டி இலக்குக்கு நேரே நின்று முழுதாக இழுத்து, விரல் வாய் ஓரத்தில் பதிய, 10 விநாடி நிறுத்துங்கள். அம்பு முனை முன்னால் ஊர்ந்து போகாமல் இருந்தால் அந்த எடை உங்களுடையது. நடுங்கி முன்னால் சரிந்தால் ஐந்து பவுண்டு இறங்குங்கள். நல்ல உடல்வாகு உள்ள, 55, 60 காம்பவுண்ட் இழுப்பவர்களுக்குக்கூட இது பெரும்பாலும் 30-க்கும் 38-க்கும் நடுவில்தான் வந்து நிற்கும். 70 இழுக்கிற ஆளாக இருந்தாலும் முதல் வில்லில் 40-ஐத் தாண்ட வேண்டாம் என்பேன்.

அடுத்தது இழுப்பு நீளம். என்னைக் கேட்டால் எடையைவிட இதைத்தான் காம்பவுண்ட்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டும். காம்பவுண்டில் உங்கள் இழுப்பு நீளத்தை முடிவு செய்தது கேம். 29.5 என்று அமைத்துவிட்டால் பின்னால் ஒரு சுவர், அதில் போய் முட்டி நின்றால் முடிந்தது, ஒவ்வொரு அம்பும் அதே இடத்திலிருந்துதான் புறப்படும். மரபு வில்லில் சுவர் இல்லை, அதை உங்கள் உடம்புதான் கட்ட வேண்டும். நாண் தாடைக்குக் கீழே ரிலீஸோடு போகாமல் மூன்று விரலோடு வாய் ஓரத்தில் வந்து நிற்பதாலும், மொத்தக் கனமும் கையில் இருப்பதாலும், பெரும்பாலோருக்கு நீளம் ஒன்று, ஒன்றரை அங்குலம் குறைந்துவிடுகிறது. காம்பவுண்டில் 29.5 இருப்பவர் ரிகர்வில் 28 இழுப்பது வெகு சாதாரணம்.

இது ஏன் வில் வாங்கும்போது முக்கியம் என்றால், லிம்பின் (வில்லின் வளையும் கை) உள்பக்கம் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்பில் அளந்தது. "35# @ 28" என்று போட்டிருப்பார்கள். நீங்கள் 26.5 இழுப்பவரானால் உங்கள் விரலில் 31, 32 பவுண்டுதான் நிற்கும். 30 இழுப்பவரானால் 40 வந்துவிடும். அங்குலத்துக்கு இரண்டு முதல் மூன்று பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நீளத்தைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி. 20 பவுண்டு அளவில் ஒரு லேசான பயிற்சி வில், வெட்டாத நீளமான ஒரு அம்பு. அம்பின் பின்முனையில் நாண் பொருந்தும் நாக் பள்ளத்திலிருந்து 25-ஆம் அங்குலம் தொடங்கி 31 வரை அரை அங்குலத்துக்கு ஒரு கோடு மெல்லிய பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள். இலக்குக்கு மிகப் பக்கத்தில் நின்று இழுங்கள், நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நின்று, கைப்பிடியின் முன்விளிம்பில் எந்தக் கோடு வந்து நிற்கிறது என்று பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் அம்பைப் பார்க்காதீர்கள், பார்த்தால் கோட்டுக்குத் தகுந்தபடி இழுப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்து நிறுத்தினால் இன்னும் உண்மையான அளவு வரும். பல முறை பார்த்து, எந்தக் கோடு அதிகம் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் முன்னும் பின்னும் ஓடினால் இப்போதைக்கு அதுதான் உங்கள் நிலைமை, கொஞ்ச நாள் பழகியபின் மறுபடி அளந்துகொள்ளலாம்.

சரி, எந்த வகை வில்? இங்கேதான் ஆசை குறுக்கே வரும். மரமும் மூங்கிலும் அடுக்கி ஒட்டி மெருகேற்றிய ஒற்றைத் துண்டு லாங்போ என்ற நெடுவில்லைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்கு மரபு வில் ஆசையே பிறக்கிறது. எனக்கும் அந்த வில்கள்மேல் தீராத பிரியம் உண்டு. ஆனாலும் முதல் வில்லாகப் பிரித்துப் பூட்டும் ரிகர்வைத்தான் சொல்வேன். காரணம் ஒன்றே ஒன்று: எடை மாற வேண்டும். ஒற்றைத் துண்டு வில்லில் 35 வாங்கினால் அது கடைசிவரை 35. பிரிக்கும் வில்லில் நடுக் கைப்பிடியான ரைசரை வைத்துக்கொண்டு லிம்ப் ஜோடியை மட்டும் மாற்றலாம். பலருக்கு முதல் வில்லாக அமைந்த சாமிக் சேஜ் அந்த வகைதான், 62 அங்குலம், கையால் திருகும் பெரிய போல்ட் இரண்டு. அதன் லிம்புகள் 25-லிருந்து ஐந்தைந்து பவுண்டாக ஏறி 60 வரை வந்தன. அதே வடிவத்தில் பல வில்கள் இருக்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே ஐஎல்எஃப் என்கிற பொதுப் பூட்டு முறை. ஹோய்ட் நிறுவனத்தின் வடிவமைப்பிலிருந்து பரவிய இந்த முறையில் ஒருவர் செய்த ரைசரில் இன்னொருவர் செய்த லிம்ப் உட்காரும். போல்ட்டைத் திருகி எடையை ஏறக்குறைய 10 சதவீதம் ஏற்றி இறக்கலாம், டில்லரையும், அதாவது மேல் கீழ் லிம்புகளின் சமநிலையையும், சரிசெய்யலாம். காம்பவுண்டில் ஆலன் சாவியோடு எந்நேரமும் எதையாவது சரிசெய்துகொண்டிருந்த ஆட்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், பிடிக்கட்டும், நல்ல விஷயம்தான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஐஎல்எஃப் லிம்பில் குறித்திருக்கும் எடை பெரும்பாலும் 25 அங்குல ரைசரில் அளந்தது. அதே லிம்பை 19 அங்குல ரைசரில் பூட்டினால் சில பவுண்டு கூடிவிடும். 34 என்று நினைத்து வாங்கியது 38, 39 ஆகலாம்.

நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்றைய காம்பவுண்ட் அச்சுக்கு அச்சு 30, 33 அங்குலம்தான், அதைப் பிடித்த கைக்கு 62 அங்குல வில்லே ஆள் உயரம் மாதிரித் தெரியும், உடனே 54, 56 என்று குட்டையாகத் தேடத் தோன்றும். காம்பவுண்டில் ரிலீஸ் கொக்கி நாணை ஒரே புள்ளியில் பிடிக்கிறது, கோணம் எவ்வளவு கூர்மையானாலும் கவலையில்லை. விரலில் இழுக்கும்போது குட்டை வில்லின் நாண் மூன்று விரலையும் ஒன்றோடொன்று நசுக்கும், மேல் விரலும் கீழ் விரலும் அம்பின் நாக் பகுதியைக் கிள்ளி, அம்பு உட்காரும் கைப்பிடித் தட்டிலிருந்து அதைத் தூக்கிவிடும். அதோடு கடைசி இரண்டு அங்குலத்தில் எடை திடீரென்று செங்குத்தாக ஏறும், இதை ஸ்டாக் என்பார்கள். அந்த ஏற்றம் வரும் இடம்தான் நீங்கள் நிதானமாக நிற்க வேண்டிய இடம். 28 இழுப்பவர்கள் 62-க்குக் குறையாமல், 64, 66 கிடைத்தால் சந்தோஷமாக எடுங்கள். 29-க்கு மேல் போனால் 66, 68.

குதிரை வில்லைப் பற்றியும் கேட்கிறார்கள். துருக்கி, கொரியா, மங்கோலிய வழி வில்களைக் கட்டை விரலால், மோதிரம் மாட்டி இழுக்க வேண்டும், வலது கைக்காரருக்கு அம்பு வில்லின் வலப்பக்கத்தில் உட்காரும். அது ஒரு தனி உலகம், அதற்குள் போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் நேராகவே போங்கள். காம்பவுண்டில் கற்றதைக் கொஞ்சமாவது எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்றால் ரிகர்வ்தான் பக்கத்து வீடு.

வில்லின் சொந்தக் கனம் பற்றி யாரும் பேசுவதில்லை. சைட் (குறிகாட்டி), நிலைப்படுத்தி, அம்புக்கூடு எல்லாம் மாட்டிய காம்பவுண்ட் 5, 6 பவுண்டு இருக்கும். லாங்போ ஒன்றரை பவுண்டுக்குக் கீழேகூட இருக்கும். கனமான வில் கையில் நிலையாக நிற்கும், லேசான வில் உங்கள் மணிக்கட்டின் ஒவ்வொரு சின்ன அசைவையும் அம்புக்குச் சொல்லிவிடும், விட்ட பிறகு கையில் அதிர்வும் கூடுதலாக இருக்கும். அதனால் முதல் வில்லின் ரைசர் கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது.

அம்பு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் பலர் வில்லை மட்டும் வாங்கிவிட்டு வீட்டில் இருக்கும் காம்பவுண்ட் அம்பையே பூட்டிப் பார்க்கிறார்கள். அம்பு இடப்பக்கமாகவே போகிறது, கை சரியில்லை என்று மாதக்கணக்கில் தன்னையே திருத்திக்கொண்டிருப்பார்கள். கையில் தவறே இருக்காது. ரிலீஸ் நாணை நேராக விடுகிறது, விரலில் இருந்து நழுவும் நாண் பக்கவாட்டில் ஒரு சிறு வளைவு போட்டுவிட்டுத்தான் முன்னால் போகும். அம்பும் அதற்கேற்ப நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். காம்பவுண்டுக்கு வாங்கிய 340, 400 ஸ்பைன் அம்பு 35 பவுண்டு ரிகர்வுக்கு நெளியவே நெளியாத இரும்புக் கம்பி. ஸ்பைன் எண் என்பது 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்டைத் தொங்கவிட்டால் அது எவ்வளவு தாழ்கிறது என்ற அளவு. 400 என்றால் 0.4 அங்குலம், 600 என்றால் 0.6. எண் கூடினால் அம்பு மெத்தென்று வளையும். 35 பவுண்டு, 28 அங்குல இழுப்புக்கு 600 அல்லது 700-ல் ஆரம்பித்து, முழு நீளமாகவே வைத்து, இறகில்லாத தண்டை எய்து பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்ட வெட்ட விறைக்கும், முனையில் கனம் கூட்டினால் நெகிழும். அம்பின் எடை, வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெய்ன் (அம்பை நிறுக்கும் சிறு அலகு). காம்பவுண்டில் பழகிய 5, 6 கிரெய்ன் கணக்கை இங்கே கொண்டுவந்தால் லிம்புக்கு ஆகாது.

அம்பின் வாலில் இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேனும் ஆகாது, தட்டிலிருந்து நேராக எய்வதாக இருந்தால். இறகு தட்டில் உரசும்போது மடங்கிக் கொடுக்கும், பிளாஸ்டிக் முட்டித் தள்ளும். மேலே தூக்கி ஒட்டிய ரெஸ்ட் (அம்புத் தாங்கி) போட்டால் பிளாஸ்டிக்கும் நடக்கும்.

பழைய வில் வாங்கலாமா? தாராளமாக, லேசான லிம்புகளை வாங்கிப் பழகிவிட்டு விற்பவர்கள் நிறைய. நாணேற்றிய நிலையில் பார்க்காமல் வாங்காதீர்கள். ஒரு முனையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து, நாண் வழியாக மறுமுனையை நோக்கிப் பாருங்கள்: நாண் இரண்டு லிம்பையும் கைப்பிடியையும் நடுவில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு முனையில் மட்டும் நாண் ஓரமாக ஒதுங்கினால் லிம்ப் முறுக்கியிருக்கிறது, பெரும்பாலும் நாணேற்றும் கயிறு இல்லாமல் காலுக்கு நடுவில் விட்டு வளைத்த வேலை. பிறகு நகத்தால் லிம்பின் ஓரத்தை முழு நீளத்துக்கும் வருடுங்கள், அடுக்கு பிரிந்திருந்தால் நகம் தடுக்கும். முனைகளில் நாண் உட்காரும் பள்ளத்தையும், போல்ட் துளையைச் சுற்றியும் மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். முனை வலுவூட்டாத பழைய வில்லாக இருந்தால் டேக்ரான் நாண் மட்டும்தான், நீளாத புதுவகை நாண் அதன் முனையை அறுத்துவிடும். நாணேற்றும் கயிறு ஒன்றை வில்லோடேயே வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் ஒரு தடவைகூட வேண்டாம்.

அம்பின் போக்குக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். நொடிக்கு 300 அடி போகும் காம்பவுண்ட் அம்பு 20 கஜத்துக்குள் 8 அங்குலம் போல விழுகிறது. 170 அடி வேகத்தில் போகும் ரிகர்வ் அம்பு அதே தூரத்தில் 2 அடி. 30 கஜத்தை 25 என்று தப்பாக மதிப்பிட்டால் காம்பவுண்டில் 3 அங்குலம் தாழ்ந்து படும், இங்கே 9 அங்குலம். 50 பவுண்டு வாங்கினால் இந்த வளைவு சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பவுண்டுக்கு இத்தனை கிரெய்ன் என்று அதற்கேற்ற கனத்தில் அம்பு போட்டால் வேகம் அப்படியொன்றும் கூடுவதில்லை, வளைவும் பெரிதாக நேராகாது. 15, 20 கஜத்தில் நின்று, அம்பு முனை இலக்குக்கு எவ்வளவு கீழே தெரியும்போது சரியாகப் படுகிறது என்று கண்ணால் பழகுவதுதான் வேலை. அதற்கு நிதானமாகப் பார்க்க இரண்டு மூன்று விநாடி வேண்டும், லேசான வில் அதைத்தான் கொடுக்கிறது. போட்டியில் பேர்போ (குறிகாட்டி இல்லாத வில்) பிரிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஐஎல்எஃப் பக்கமே போங்கள். நாணில் விரலை இறக்கிப் பிடித்துத் தூரத்துக்குத் தகுந்தபடி எய்யும் முறைக்கு டில்லர் சரிசெய்ய வசதி வேண்டும். உலக வில்வித்தைச் சங்க விதிப்படி நாண் கழற்றிய பேர்போ வில், மாட்டிய எடையோடு சேர்த்து, 12.2 சென்டிமீட்டர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். லாங்போ பிரிவு என்றால் மர அம்புதான்.

எப்போது எடையை ஏற்றுவது? பயிற்சியின் கடைசி அம்புகளிலும் நண்பர் பார்க்கும் கோடு அதே இடத்தில் நிற்க வேண்டும், அப்போது ஐந்து பவுண்டு ஏற்றலாம், அதற்கு மேல் ஒரே தாவலாக வேண்டாம். பழைய லிம்பை விற்காதீர்கள், மழைக்காலத்திலோ தோள் வலியிலோ இடைவெளி விட்டுத் திரும்பும்போது அதுதான் உதவும். இப்படி ஓரிரு ஜோடி லிம்ப் மாறியபின் அந்த மெருகேற்றிய லாங்போவுக்குப் போகலாம். கையால் செய்து தரும் வில்லாளர்கள் முதலில் கேட்பதே எத்தனை அங்குலம் இழுப்பீர்கள், அதில் எத்தனை பவுண்டு வேண்டும் என்றுதான். அப்போது உங்களிடம் இரண்டுக்கும் சரியான பதில் இருக்கும்.